காய்ச்சலும் பாய்ச்சலும்: மாரத்தான் பயிற்சியில் எந்த நாள் வேகம், எந்த நாள் ஓய்வு?

உத்திரமேரூர் வட்டாரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே வந்தால் ஏரிக்கரையிலும், பள்ளி மைதானத்திலும், ஊரை இணைக்கும் தார்ச் சாலையிலும் ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். காவலர் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே உடம்புக்காக ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அறிஞர் அண்ணா பெயரில் நடக்கும் மாவட்ட ஓட்டப் போட்டிக்கும், ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்கும் குறி வைப்பவர்களும் உண்டு.

இவர்களில் பலர் செய்கிற ஒரு பொதுவான தப்பு உண்டு. தினமும் ஒரே தூரம், தினமும் முடிந்த அளவு வேகம். நேற்றைவிட இன்று பத்து விநாடி குறைந்தால் சந்தோஷம், கூடினால் வருத்தம். முதல் இரண்டு வாரம் நேரம் குறையும். மூன்றாவது வாரம் அப்படியே நிற்கும். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வரும். தேர்வு நாளோ போட்டி நாளோ வரும்போது காலில் பேண்டேஜ் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஒரு வருஷ உழைப்பும் வீணாகிற இடம் இது.

இதைத் தவிர்க்க இரண்டு விஷயங்களைச் சரியாகப் புரிந்துகொண்டால் போதும். ஒன்று, டெம்போ ஓட்டத்தை எந்த வேகத்தில் ஓடுவது. இரண்டு, அதற்கு அடுத்த நாள் என்ன செய்வது. கையில் உள்ள போனை வைத்தே இரண்டையும் கணக்குப் போடலாம்.

நெல் வயல் சொல்லும் பாடம்

நெல் பயிரிடுகிறவர்களுக்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற முறை தெரிந்திருக்கும். வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை. ஒரு முறை பாய்ச்சி, தண்ணீர் வடிந்து மண்ணில் மயிரிழை போல வெடிப்பு தெரிகிற வரை காய விட்டு, பிறகு மறுபடி பாய்ச்சுவார்கள். காய விடுகிற நாளில் வேருக்குக் காற்று கிடைக்கிறது. பயிர் சும்மா நிற்கிற மாதிரி தெரிந்தாலும் வேர் ஆழமாக இறங்குவது அப்போதுதான்.

ஓட்டப் பயிற்சியும் இதே கணக்குதான். வேகமாக ஓடும் நாளில் உடம்பு பலம் பெறுவதில்லை. உண்மையில் தளர்ந்து போகிறது. தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு கிழிசல்கள் விழுகின்றன. தசையில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற எரிபொருள் காலியாகிறது. பிறகு வரும் நாட்களில் அந்தக் கிழிசலைத் தைத்து, எரிபொருளை மறுபடி நிரப்பி, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் பலமாக உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. கிளைக்கோஜன் முழுதாக நிரம்ப 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அதற்குள் மறுபடி வேகமாக ஓடினால், பாதி காலியான டேங்கோடு வண்டியை எடுக்கிற மாதிரி.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த பில் போவர்மேன், 'ஒரு நாள் கடினம், அடுத்த நாள் எளிது' என்ற முறையை அரை நூற்றாண்டுக்கு முன்பே தன் ஓட்டக்காரர்களிடம் கடைப்பிடித்தார். இன்று உலகின் பெரிய மாரத்தான் வீரர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் இதைத்தான் செய்கிறார்கள். 2022-ல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் மாரத்தானை முடித்த கென்ய வீரர் எலியுட் கிப்சோகே, அன்று ஒரு கிலோமீட்டரைச் சராசரியாக 2 நிமிடம் 52 விநாடியில் கடந்தார். அப்படிப்பட்டவரே எளிதான நாட்களில் கிலோமீட்டருக்கு 4 நிமிடத்துக்கும் மேல் எடுத்து, மெதுவாகத்தான் ஓடுகிறார்.

டெம்போ ஓட்டம் என்றால் என்ன?

டெம்போ என்றதும் நம் ஊரில் மூட்டை ஏற்றும் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல்லுக்கு 'ஒரே சீரான தாளம்' என்று பொருள். வேகமாக, ஆனால் கட்டுப்பாட்டோடு, ஒரே சீராக ஓடுவது டெம்போ ஓட்டம்.

எவ்வளவு வேகம்? போட்டியில் ஓடினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிகிற வேகம். பயிற்சியில் அந்த வேகத்தில் 20 நிமிடம் மட்டும் ஓடுகிறோம்.

இந்த வேகத்துக்கு ஏன் தனி முக்கியத்துவம் என்பதை ஏரியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வரத்துக் கால்வாய் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. மதகு வழியாக வெளியே போகிறது. வரத்தும் போக்கும் சமமாக இருக்கும் வரை ஏரி மட்டம் நிலையாக நிற்கும். வரத்து கூடினால் மட்டம் ஏறி ஏறி, கடைசியில் கலங்கல் தாண்டி வழியும். ஓடும்போது தசைகளில் லாக்டேட் என்ற பொருள் உற்பத்தியாகிறது. மெதுவாக ஓடினால் வருவதை உடம்பு அப்போதைக்கப்போது பயன்படுத்திவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் வரத்து அதிகமாகி ரத்தத்தில் தேங்கத் தொடங்கும். அதோடு சேர்ந்து வரும் அமிலத் தன்மையால் கால் கனக்கும், மூச்சு வாங்கும். (லாக்டேட் விஷம் என்று சிலர் சொல்வது சரியல்ல; அது உடம்புக்கு எரிபொருளும்கூட. தேங்குவதுதான் பிரச்சினையின் அடையாளம்.)

கலங்கல் வழியத் தொடங்குவதற்குச் சற்று முந்தைய மட்டம்தான் டெம்போ வேகம். அங்கே வாரம் ஒரு முறை ஓடிப் பழகினால் மதகு அகலமாகிறது. அதாவது, முன்பு மூச்சு வாங்கிய வேகம் சில வாரங்களில் சாதாரணமாகிவிடும். 42.195 கிலோமீட்டர் ஓடப் போகிறவருக்கும், 8 கிலோமீட்டர் ஓடப் போகிறவருக்கும் இதுதான் தேவை.

டெம்போவைக் கெடுப்பது, அதைப் போட்டி போல ஓடுவதுதான். கலங்கல் தாண்டி ஓடினால் பயன் கூடாது. தேறுவதற்கு ஆகும் நாள்தான் கூடும்.

உங்கள் வேகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பக்கத்து வீட்டுத் தம்பியின் வேகத்தைப் பார்த்து ஓடக் கூடாது. உங்கள் வேகம் உங்களுடையது. இரண்டு நாள் நல்ல ஓய்வுக்குப் பிறகு ஒரு காலையில், சமமான பாதையில் 5 கிலோமீட்டரை முடிந்த வேகத்தில் ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே உள்ள கணக்கைப் பாருங்கள். வேகம் எல்லாம் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நிமிடம், விநாடியில் தரப்பட்டுள்ளது.

5 கி.மீ. 20 நிமிடத்தில் ஓடுபவர்: டெம்போ 4:15 முதல் 4:20, மெது ஓட்டம் 5:10 முதல் 5:45
5 கி.மீ. 25 நிமிடத்தில் ஓடுபவர்: டெம்போ 5:20 முதல் 5:25, மெது ஓட்டம் 6:15 முதல் 7:00
5 கி.மீ. 30 நிமிடத்தில் ஓடுபவர்: டெம்போ 6:20 முதல் 6:30, மெது ஓட்டம் 7:20 முதல் 8:10
5 கி.மீ. 35 நிமிடத்தில் ஓடுபவர்: டெம்போ 7:25 முதல் 7:35, மெது ஓட்டம் 8:20 முதல் 9:15 (இடையில் நடக்கலாம்)

ஒரு பொது விதியாகச் சொன்னால், உங்கள் 5 கி.மீ. போட்டி வேகத்தோடு கிலோமீட்டருக்கு 15 முதல் 30 விநாடி சேர்த்தால் டெம்போ. ஒன்றேகால் நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை சேர்த்தால் மெது ஓட்டம்.

இன்னொரு சோதனைக்குப் போனே வேண்டாம். ஓடும்போது பேசிப் பாருங்கள். மெது ஓட்டத்தில் வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். டெம்போவில் மூன்று, நான்கு வார்த்தைதான் வரும்: "இன்னும்... அஞ்சு நிமிஷம்..." அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள்.

காவலர் தேர்வுக்கு ஓடுபவர்கள் கவனத்துக்கு

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்க வேண்டும் என்பது விதி. (நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.) அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி, 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. இந்த வேகத்தைப் பிடிக்கத்தான் தினமும் முழு வேகத்தில் ஓடிப் பார்க்கிறார்கள்.

ஆனால் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கக்கூடிய ஒருவரின் டெம்போ வேகம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5:30 தான். சுற்றுக்கு 2 நிமிடம் 12 விநாடி. மெது ஓட்டம் 6:30, அதாவது சுற்றுக்கு 2 நிமிடம் 36 விநாடி. "இவ்ளோ மெதுவா ஓடினா எப்படி பாஸ் ஆகறது?" என்று தோன்றும். தேர்வு வேகத்தை மட்டுமே தினமும் தொட்டுக்கொண்டிருந்தால் உடம்புக்கு அடித்தளம் கிடையாது. டெம்போவும் மெது ஓட்டமும் அந்த அடித்தளத்தைப் போடுகின்றன. கடைசி ஆறு வாரத்தில், வாரம் ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை 1 நிமிடம் 50 விநாடியில் ஓடி, இடையில் இரண்டு நிமிடம் நடந்து, நான்கு அல்லது ஐந்து முறை செய்தால் தேர்வு வேகம் காலுக்குப் பழகிவிடும். அந்த வாரங்களில் டெம்போவை அதற்கு மூன்று நாள் தள்ளி வையுங்கள்.

டெம்போ நாள்: படிப்படியாக

முதல் 12 முதல் 15 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடேற்றுங்கள். கடைசியில் 80 மீட்டர் தூரத்தை நான்கு முறை கொஞ்சம் வேகமாக ஓடி, திரும்பி நடந்து வாருங்கள். பிறகு டெம்போ. முடிந்ததும் 10 நிமிடம் மெது ஓட்டமோ நடையோ.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே 20 நிமிடம் ஓட வேண்டாம். இப்படி ஏற்றிக்கொள்ளுங்கள்:

முதல் 2 வாரம்: 5 நிமிட டெம்போ மூன்று முறை, இடையில் 2 நிமிடம் நடை.
3, 4-வது வாரம்: 8 நிமிடம் இரண்டு முறை, இடையில் 2 நிமிடம் நடை.
5, 6-வது வாரம்: 10 நிமிடம் இரண்டு முறை, இடையில் 1 நிமிடம் நடை.
7-வது வாரம் முதல்: தொடர்ச்சியாக 20 நிமிடம்.

ஒவ்வொரு நான்காவது வாரமும் மொத்தத் தூரத்தைக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையுங்கள்.

முதல் கிலோமீட்டர்தான் ஆபத்து. நன்றாக ஓய்வெடுத்த கால் தானாகவே ஓடப் பார்க்கும். முதல் கிலோமீட்டரைக் கணக்கைவிட ஐந்து விநாடி மெதுவாகவே எடுங்கள். கடைசி கிலோமீட்டரும் முதல் கிலோமீட்டரும் ஏறத்தாழ ஒரே நேரம் காட்டினால் அன்று நல்ல டெம்போ. முடித்த பிறகு "இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடியிருக்கலாம்" என்று தோன்ற வேண்டும். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது டெம்போ இல்லை, போட்டி.

தேறும் நாள்: சோம்பலும் அல்ல, தண்டனையும் அல்ல

பயிற்சியாளர்கள் 'ரெக்கவரி டே' என்று சொல்வதைத் தேறும் நாள் என்று வைத்துக்கொள்ளலாம். இது இரண்டு வகை. ஒன்று, ஓட்டமே இல்லாத முழு ஓய்வு. இரண்டு, 20 முதல் 35 நிமிடம் மிக மெதுவான ஓட்டம் அல்லது நடை, சைக்கிள். இதனால் கால்களுக்கு ரத்த ஓட்டம் கூடி விறைப்பு குறையும்.

மெது ஓட்டத்தில் வேகத்துக்கு மேல் எல்லை உண்டு. கீழ் எல்லை கிடையாது. கணக்கில் உள்ளதைவிட மெதுவாக ஓடினால் ஒன்றும் குறைந்து போகாது. பக்கத்தில் யாராவது முந்திப் போனால் போகட்டும்.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். ஆனால் தசைநாண்களும் எலும்பும் பலப்பட மாதங்கள் ஆகும். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது முதலில் பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டுப் பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. அதனால் பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் எலும்பு தற்காலிகமாகச் சற்று பலவீனமாகவே இருக்கும். மூச்சு நன்றாக வருகிறதே என்று அப்போது வேகத்தைக் கூட்டினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழலாம். தேறும் நாட்கள் எலும்புக்கு அவகாசம் கொடுக்கின்றன.

இரவு ஏழு, எட்டு மணி நேரத் தூக்கம் எந்த டானிக்கையும்விடப் பெரியது. காலை ஐந்துக்கு எழ வேண்டியவர் பன்னிரண்டு மணி வரை ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால், அட்டவணையில் எத்தனை ஓய்வு நாள் போட்டாலும் பயனில்லை. சாப்பாட்டுக்கும் தனி பவுடர் தேவையில்லை. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து கிடைத்தால் போதும்: இட்லி சாம்பாரோடு முட்டை, கேழ்வரகுக் கூழோடு சுண்டல், பழைய சோறும் மோரும் வேர்க்கடலையும். எல்லாம் வீட்டிலேயே இருப்பவைதான்.

ஒரு வாரத்துக்கான மாதிரி அட்டவணை

திங்கள்: முழு ஓய்வு
செவ்வாய்: டெம்போ
புதன்: தேறும் ஓட்டம் அல்லது நடை, 30 நிமிடம்
வியாழன்: மெது ஓட்டம், 40 முதல் 50 நிமிடம்
வெள்ளி: ஓய்வு, விரும்பினால் வீட்டிலேயே தோப்புக்கரணம், தண்டால் போன்ற வலுப் பயிற்சி
சனி: மெது ஓட்டம், 30 நிமிடம்
ஞாயிறு: நீள ஓட்டம், மெது வேகத்தில்

வாரத்தில் கடினமான நாள் இரண்டே இரண்டு: செவ்வாயும் ஞாயிறும். நாட்களை மாற்றிக்கொள்ளலாம்; இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு தேறும் நாளாவது இருக்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றக் கூடாது.

நம் பகுதிக்கு இரண்டு சிறப்புக் கணக்குகள் உண்டு. முதலாவது, வயல் வேலை. நாற்று நடவு, அறுப்பு, மூட்டை தூக்குவது, நூறு நாள் வேலையில் மண் வெட்டுவது என எதுவாக இருந்தாலும், அந்த நாளை ஓய்வு நாளாகக் கணக்கில் எழுதாதீர்கள். உடம்புக்கு அதுவும் கடினமான நாள்தான். அறுப்புக் காலத்தில் டெம்போவை விட்டுவிட்டு மெது ஓட்டம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நைட் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் காலை வந்து இறங்கியதும் டெம்போ ஓடுவது நல்லதல்ல. முதலில் தூங்குங்கள், மாலையில் மெதுவாக ஓடுங்கள். ஷிப்ட் மாறிய இரண்டாவது, மூன்றாவது நாளுக்கு டெம்போவைத் தள்ளி வையுங்கள்.

போன் உதவும் இடம், ஏமாற்றும் இடம்

ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலி எதுவாக இருந்தாலும் இந்த அமைப்புகளைச் சரிபாருங்கள்:

ஜிபிஎஸ் சிக்னல் முழுதாகக் கிடைத்த பிறகே தொடங்குங்கள். திறந்தவெளியில் அரை நிமிடம் நின்றால் போதும்.

திரையில் அந்த நொடியில் காட்டும் வேகத்தை நம்பாதீர்கள். புளியமரச் சாலையில் அது மேலும் கீழும் குதிக்கும். ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் சராசரி வேகத்தைக் குரலில் சொல்லும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

திரை அணைந்ததும் பதிவு நின்றுவிடுகிறதா? போனின் பேட்டரி சேமிப்பு அமைப்பில் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பிரச்சினை இதுதான்.

உங்கள் ஓட்ட வரைபடம் வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடிகிறது. அதைப் பொதுவில் பகிர்ந்தால் முகவரியையும் நேரத்தையும் சேர்த்துப் பகிர்கிறீர்கள். 'நண்பர்கள் மட்டும்' என்று மாற்றுங்கள்; வீட்டுப் பகுதியை மறைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். தனியாக ஓடும் பெண்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசர பட்டனை அழுத்தினால், நீங்கள் இருக்கும் இடம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரும்.

கடைசியாக, தேறும் நாளில் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் தப்பில்லை. எண்ணைப் பார்த்தால் கால் வேகமெடுக்கும்.

வெயில், மழை, பாதை

மேலே சொன்ன வேகக் கணக்கு குளிர்ந்த காலைக்கு. மார்கழிக் காலையில் 5:20 ஓடுகிறவருக்கு மே மாதக் கத்திரியில் அதே உழைப்பில் 5:40 ஆகலாம். தோலைக் குளிரவைக்க ரத்தம் ஒரு பங்கு போய்விடுவதால் இதயம் கூடுதலாக வேலை செய்கிறது. புழுக்கம் அதிகமென்றால் வியர்வை காயாது, இன்னும் கஷ்டம். அப்படிப்பட்ட நாளில் கடிகாரத்தை விட்டு, மூன்று வார்த்தைச் சோதனையை நம்புங்கள். வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் ஆகும்.

செப்டம்பரில் தொடங்கி ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு நடுவில் வடகிழக்குப் பருவமழை வரும். அரசின் 'டி.என். அலர்ட்' செயலியில் மழை, வெப்ப எச்சரிக்கைகளைத் தமிழில் பார்க்கலாம். மின்னல் அருகில் இருக்கிறதா என்று 'தாமினி' செயலி சொல்லும். இடி கேட்டால் ஏரிக்கரையிலும் திறந்த வயல் சாலையிலும் ஓட வேண்டாம்; மழையால் ஒரு டெம்போ போனால் போகட்டும்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்தது. அப்படிப் பேணிக் காத்த ஏரிகளின் கரைகள் இன்று நமக்கு மண் பாதையாகவும் கிடைக்கின்றன. மண் பாதை தார்ச் சாலையைவிடக் காலுக்கு இதம். மெது ஓட்டத்துக்கு மிகவும் நல்லது. ஆனால் மேடு பள்ளம் இருப்பதால் டெம்போவுக்கு மைதானமோ சமமான சாலையோ பொருத்தம். இருட்டில் கரையில் போகிறவர்கள் டார்ச் இல்லாமல் போகாதீர்கள், பாம்பு இருக்கும். சாலையில் ஓடினால் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக ஓடுங்கள். ஜல்லி லாரிகள் ஓடும் சாலையில் காதில் ஹெட்போன் வேண்டாம். நாய் கடித்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட ஏழு, எட்டு துடிப்பு கூடுதலாக இருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை. அன்று டெம்போ வேண்டாம். தூக்கம் கெடுவது, எரிச்சல், பசியின்மை, மெது ஓட்டமே கஷ்டமாக இருப்பது ஆகியவையும் அதே அடையாளம்தான்.

இரண்டு தொடையும் சமமாக வலித்தால் அது உழைத்த வலி. இரண்டு நாளில் போய்விடும். எலும்பில் ஒரே ஒரு இடத்தில், விரலால் தொட்டுக் காட்ட முடிகிற மாதிரி வலி இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எண்ணெய் தேய்த்து, பேண்டேஜ் கட்டி ஓடாதீர்கள்.

நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வெயிலில் வியர்வை நின்று குழப்பமாகப் பேசுவது என எது நடந்தாலும் உடனே நிழலில் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். வெயில் தாக்கம் என்றால் ஆம்புலன்ஸ் வரும் வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். 35 வயதைக் கடந்தவர்களும், வீட்டில் இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களும் பயிற்சி தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போதும் பார்க்கலாம். பெண்கள் ஹீமோகுளோபின் அளவையும் பார்ப்பது நல்லது. காரணம் தெரியாத களைப்புக்குப் பல நேரம் ரத்தசோகைதான் காரணம்.

அடிக்கடி வரும் கேள்விகள்

"ரெண்டு நாள் ஓடலன்னா ஸ்டாமினா போயிடாதா?"
போகாது. ஒன்றுமே செய்யாமல் ஏறத்தாழ இரண்டு வாரம் இருந்தால்தான் இறக்கம் தெரியத் தொடங்கும்.

"டெம்போ ஒண்ணு விட்டுப்போச்சு. அடுத்த நாள் சேர்த்து ஓடலாமா?"
வேண்டாம். விட்டது விட்டதுதான். அடுத்த வாரம் அட்டவணைப்படி ஓடுங்கள்.

"மாரத்தானையும் டெம்போ வேகத்துலேயே ஓடணுமா?"
கூடாது. மாரத்தான் வேகம் டெம்போவைவிட மெது. 5 கி.மீ.-ஐ 25 நிமிடத்தில் ஓடுபவர் முழுப் பயிற்சிக்குப் பிறகு கிலோமீட்டருக்கு 5:40 என்ற அளவில், 4 மணி நேரத்தை ஒட்டி முடிக்கலாம். டெம்போ வேகத்தில் தொடங்கினால் 30 கி.மீ.-க்குப் பிறகு நடக்க வேண்டிவரும்.

"போட்டிக்கு முந்தின வாரம் நல்லா ஓடிப் பார்க்கலாமா?"
கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். போட்டிக்கு ஐந்து நாள் முன்பு 10 நிமிட டெம்போ ஒன்று போதும். கடைசி வார ஓட்டம் பலம் சேர்க்காது, களைப்பைத்தான் சேர்க்கும்.

போட்டியில் பங்கேற்க

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், காஞ்சிபுரத்தில் 15.9.1909 அன்று பிறந்த அறிஞர் அண்ணாவின் பெயரில் மாவட்டந்தோறும் நெடுந்தூர ஓட்டப் போட்டி நடத்துகிறது. முந்தைய அறிவிப்புகளின்படி 17 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களுக்கு 8 கி.மீ., பெண்களுக்கு 5 கி.மீ.; 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கி.மீ., பெண்களுக்கு 5 கி.மீ. எனத் தூரம் வகுக்கப்பட்டுள்ளது. தேதியும் பதிவு விவரமும் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்தின் அறிவிப்பிலும் ஆணையத்தின் இணையதளத்திலும் வரும். ஆதார் அட்டை, வயதுச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தக முதல் பக்க நகல் ஆகியவற்றை முன்பே போனில் படமெடுத்து வைத்திருந்தால் கடைசி நாளில் அலைய வேண்டாம்.

இந்த வாரமே தொடங்க விரும்புகிறவர்கள் மூன்று வேலை செய்யுங்கள். ஒரு 5 கி.மீ. நேரம் எடுங்கள். அதிலிருந்து உங்கள் டெம்போ வேகத்தையும் மெது வேகத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு போன் காலண்டரில் முதலில் ஓய்வு நாட்களைக் குறித்துவிட்டு, மீதி இருக்கும் நாட்களில் ஓட்டத்தை எழுதுங்கள்.